வரப்புக்கு உள்ளே ஒரு துறை, வெளியே ஒரு துறை
வாசகர் கேள்வி – பதில்

மிளகாய்த்தூள் பாக்கெட்டில் அக்மார்க் முத்திரையும் இருக்கிறது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இருக்கிறது. இரண்டும் அரசு முத்திரைதானே? எதை நம்புவது?
– குடும்பத்தலைவி, மதுரை

இரண்டும் அரசுடையவை. ஆனால் சொல்லும் செய்தி வேறு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. உணவு விற்கும் எவரும் அதன் பதிவோ உரிமமோ பெற்றே ஆக வேண்டும். ஆகவே பாக்கெட்டில் உள்ள 14 இலக்க எண் 'இவர் உரிமம் பெற்ற வியாபாரி' என்று சொல்கிறது. 'உள்ளே இருக்கும் தூளைப் பரிசோதித்தோம்' என்று அது சொல்லவில்லை. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

அக்மார்க் வேளாண் அமைச்சகத்தின் முத்திரை. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விற்பனை மற்றும் ஆய்வு இயக்ககம் இதை வழங்குகிறது. தூளின் ஈரப்பதம், சாம்பல் அளவு, கலப்படம் ஆகியவற்றை ஒவ்வொரு லாட்டாகச் சோதித்துத் தரம் பிரித்த பிறகுதான் முத்திரை ஒட்டலாம். பெரும்பாலான பொருள்களுக்கு இது கட்டாயமில்லை, விரும்புகிறவர் வாங்கிக்கொள்வது. இரண்டு எண்ணெய்களைக் கலந்து விற்கும் கலப்பு சமையல் எண்ணெய்க்கு அக்மார்க் கட்டாயம். அதிலும் ஒவ்வொரு எண்ணெயும் எடையில் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

14 இலக்க எண்ணை நீங்களே ஓரளவு படிக்கலாம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமம் என்றால் 00. அதற்கடுத்த இரண்டு இலக்கம் வழங்கிய ஆண்டு. ஊர் ஊராகக் கிளை வைத்து விற்கும் நிறுவனத்தின் பாக்கெட்டில் 2-இல் தொடங்கும் எண் இருந்தால் விசாரிக்க வேண்டியதுதான். எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் தட்டினால் பெயரும் முகவரியும் வரும். பாக்கெட்டில் அச்சிட்ட முகவரியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நான் கத்தரி போடுகிறேன். கேரளா போன லோடில் மருந்து எச்சம் இருந்தது என்று மண்டியில் விலையைக் குறைத்துவிட்டார்கள். கடைக்காரர் சொன்ன மருந்தைச் சொன்ன அளவில்தான் அடித்தேன். என்னைச் சோதிக்க வேண்டியது வேளாண்மைத் துறையா, உணவு பாதுகாப்புத் துறையா? தப்பு எங்கே நடந்தது?
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

முதல் கேள்விக்குச் சட்டத்தில் நேரடிப் பதில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 18(3) பிரிவு, விவசாயியையும் விவசாய வேலையையும் பண்ணை அளவிலான விளைபொருளையும் சட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. உணவு பாதுகாப்பு அலுவலர் உங்கள் தோட்டத்துக்கு வந்து காயை மாதிரி எடுத்து உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. அதே காய் மண்டிக்குப் போய் வியாபாரி கைக்கு மாறியதும் 'உணவு' ஆகிவிடுகிறது, அங்கே மாதிரி எடுக்கலாம். தோட்டத்துப் பக்கம் பூச்சிமருந்துச் சட்டம் 1968 இருக்கிறது. அதன்படி வேளாண் அலுவலர்தான் பூச்சிமருந்து ஆய்வாளர். ஆனால் அவர் பார்ப்பது கடை உரிமம், இருப்புப் பதிவேடு, டப்பாவில் எழுதிய வீரியம் உள்ளே இருக்கிறதா என்பது. மாவட்டங்களில் உள்ள பூச்சிமருந்து ஆய்வகங்களும் மருந்தின் தரத்தைத்தான் சோதிக்கின்றன, காயில் தங்கிய எச்சத்தை அல்ல. ஆக, அடிக்கும் மருந்துக்கு ஒரு துறை, விற்கும் காய்க்கு ஒரு துறை. அடித்த நாளுக்கும் பறித்த நாளுக்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்க இரண்டு துறையும் வருவதில்லை. அந்த இடைவெளியின் சுமை விலைக் குறைப்பாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

தப்பு நடந்திருக்கக்கூடிய இடமும் அந்த இடைவெளிதான். எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பானுக்கு அதிகம் விற்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி.யை எடுத்துக்கொள்வோம். பூச்சிமருந்துகளைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவுக் குழு வெளியிட்ட பயன்பாட்டுப் பட்டியலில் கத்தரிக்கு அளவு ஹெக்டேருக்கு 200 மி.லி., அதாவது ஏக்கருக்கு 80. தக்காளிக்கு அடித்தால் 3 நாள் கழித்துப் பறிக்கலாம். கத்தரிக்கு அடித்தால் 22 நாள் காத்திருக்க வேண்டும். ஒரே டப்பா, ஒரே மருந்து. அந்தந்தப் பயிரில் செய்த எச்ச ஆய்வை வைத்து நாள் மாறுகிறது. கத்தரியை 4, 5 நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம். 22 நாள் யார் காய் பறிக்காமல் இருப்பார்கள்? அளவு சரியாக இருந்தும் எச்சம் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். கடைக்காரர் மில்லியைச் சொல்வார், நாளைச் சொல்ல மாட்டார்.

மிளகாய்க்கும் இதே கதைதான். இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். வெண்டைக்கு 3 நாள், மிளகாய்க்கு 40 நாள். பச்சைமிளகாய் பறிப்பு தொடங்கிய பிறகு அது உதவாத மருந்து.

எனவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பூ எடுப்பதற்கு முன், குருத்து வாடும் பருவத்தில், நாள் அதிகம் கேட்கும் மருந்துகளை முடித்துவிடுங்கள். பறிப்பு தொடங்கியதும் குறுகிய நாள் உள்ளவை மட்டும். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. கத்தரிக்கு ஏக்கருக்கு 80 கிராம், 3 நாள். அதையும் பறித்து முடித்த அன்று மாலை அடிக்க வேண்டும், பறிப்புக்கு முந்தைய நாள் அல்ல. கூடவே ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, வாடிய குருத்தையும் துளை விழுந்த காயையும் வாரம் ஒருமுறை கிள்ளி எரிப்பது, 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, ஒட்டும் திரவம் சேர்த்து மாலையில் அடியுங்கள். கிள்ளிய குருத்தை வரப்பில் போட்டுவிட்டு வந்தால் புழு கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். பொறி வைத்தும் பயனில்லை என்பவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம். கடையில் கொடுக்கும் இரண்டு பாட்டிலுக்கும் வணிகப் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்து இருக்கலாம். டேங்கில் சேர்த்தால் அளவு இரட்டிப்பாகும். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள வேதிப்பெயரைப் படியுங்கள். அடுத்தது, 'டானிக்', 'பயோ' என்று வரும், பதிவு எண் இல்லாத பாட்டில். இவற்றில் சிலவற்றில் ரசாயன மருந்து கலந்திருப்பதுண்டு. நீங்கள் அடிக்காத மருந்து ஆய்வறிக்கையில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள், லாட் எண் அதில் இருக்கட்டும். பில் இல்லையென்றால் வேளாண் அலுவலராலும் கடைக்காரர்மேல் ஒன்றும் செய்ய முடியாது.

காயில் எச்சத்தைச் சோதிக்க கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிமருந்து நச்சியல் ஆய்வகம் இருக்கிறது. கட்டணத்தையும் மாதிரி அளவையும் முதலில் கேட்டுக்கொண்டு, கழுவாத காயை அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

எங்கள் பக்கம் செங்காம்பு கறிவேப்பிலை. இலையில் எச்சம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. எந்த மருந்து அடித்தால் பிரச்சினை இல்லை?
– விவசாயி, காரமடை

கறிவேப்பிலை, கொத்தமல்லி, கீரை போன்ற சிறு பயிர்களுக்கென்று பதிவு வாங்க நிறுவனங்கள் செலவு செய்வதில்லை, விற்பனை குறைவு. அதனால் பதிவுள்ள மருந்து மிகச் சொற்பம். எச்ச வரம்பு தனியாக நிர்ணயிக்காத மருந்துக்கு ஆணையம் வைத்திருக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மி.கி. கணக்குப் போட்டால் நூறு டன் இலையில் ஒரே ஒரு கிராம். மற்ற பயிரில் வரம்புக்குள் நிற்கும் அளவு கறிவேப்பிலையில் மீறலாகிவிடும். விவசாயி அளவுக்கு மீறி அடித்தார் என்பதே எப்போதும் காரணம் அல்ல.

நடைமுறையில் செய்யக்கூடியது: ரசாயனம் தேவைப்பட்டால் கொத்து அறுத்து முடித்த உடனே, குச்சி மட்டும் நிற்கும்போது, வேளாண் அலுவலரைக் கேட்டு அடிப்பது. அடுத்த அறுவடைக்கு மாதக்கணக்கில் இடைவெளி கிடைக்கும். இலை விரிந்த பிறகு வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைக் கரைசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து வயலில் வேறு பயிருக்கு அடிப்பதும் காற்றில் வந்து இலையில் படியும், அவரிடமும் சொல்லிவையுங்கள்.

வாங்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் அலசினால் மேலே படிந்தது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து புளித்தண்ணீருக்கும் உப்புக்கும் அசையாது.

இவ்வளவு ஆபத்தான மருந்துகளை மாநில அரசே தடை செய்துவிட முடியாதா?
– கல்லூரி மாணவர், திருச்சி

நிரந்தரமாக முடியாது. பதிவு செய்வதும் ரத்து செய்வதும் மத்திய அரசு. பரீதாபாத்தில் உள்ள பதிவுக் குழுதான் எந்தப் பயிருக்கு எந்த மருந்து என்று முடிவு செய்கிறது. பூச்சிமருந்துச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி மாநிலம் 60 நாள் விற்பனையை நிறுத்தலாம், விசாரணை முடியவில்லை என்றால் இன்னும் 30 நாள். தமிழ்நாடு 2023-இல் மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், புரொபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், இரண்டு கலவை மருந்துகள் என ஆறுக்கு 60 நாள் தடை போட்டது இந்த அதிகாரத்தில்தான். அதே ஆண்டு மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல்.-ஐ, கையிருப்பு தீர அவகாசம் கொடுத்து, தடை செய்தது. காய்கறிக்கு அதை அடிக்கக் கூடாது என்பது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உள்ள விதி. 60 நாள் என்பது ஒரு பயிர்ப் பருவத்துக்குக்கூடப் போதாது என்பதே என் கருத்து.

மாம்பழம் பழுக்க வைக்க கார்பைடு கூடாது, 'பவுடர் பொட்டலம்' வைக்கலாம் என்கிறார்கள். இரண்டும் ரசாயனம்தானே?
– மாங்காய் வியாபாரி, கிருஷ்ணகிரி

கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு வரும். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடு சிறிதளவு இருக்கும், அது பழத்தின் மேலே ஒட்டும். 2011-ஆம் ஆண்டு விற்பனைத் தடை ஒழுங்குமுறை 2.3.5 இதைத் தடை செய்கிறது. கல்லை வைத்திருப்பதற்கு 'வெல்டிங்குக்கு' என்று காரணம் சொல்வது பழங்கிடங்கில் எடுபடாது.

எத்திலின் என்பது பழுக்கும் காய் தானே வெளியிடும் வாயு. 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. பொட்டலத்தில் இருப்பது எத்திபான், அதிலிருந்து எத்திலின் வரும். பொட்டலம் சிறு துளையிட்ட டப்பாவுக்குள் இருக்க வேண்டும், காயில் படக் கூடாது. எத்திபானைத் தண்ணீரில் கரைத்துக் காயை முக்குவதும் மேலே தெளிப்பதும் தவறு. பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அறை வைத்திருந்தால் மாங்காய்க்கு 20 முதல் 22 டிகிரி, ஈரப்பதம் 90–95 சதவீதம், 12 முதல் 24 மணி நேரம் வாயு. பிறகு கதவைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். கரியமில வாயு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் பழுப்பது நின்றுபோகும், 'வாயு சரியில்லை' என்று மறுபடி நிரப்புவார்கள். முற்றாத காயை எந்த வாயு வைத்தாலும் தோல் மட்டும் மஞ்சளாகும், கொட்டைப் பக்கம் வெள்ளையாகப் புளிக்கும். அதற்கு மருந்து மரத்திலேயே விட்டுவைப்பதுதான்.

பாலில் பூஞ்சை நச்சு என்று எங்கள் சங்கத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். கறந்த பாலில் பூஞ்சை எப்படி வரும்?
– பால் உற்பத்தியாளர், திருவண்ணாமலை

பாலில் வருவதில்லை, புண்ணாக்கில் வருகிறது. கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளாடாக்சின் பி1 என்ற நச்சை உண்டாக்கும். மாடு தின்றால் அதில் ஓரிரண்டு சதவீதம், கறவை மிகுந்த மாட்டில் அதற்கும் மேலாக, எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் பாஸ்சரைஸ் செய்தாலும் போகாது. இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரி எடுத்த ஆய்வில் 368 இந்த வரம்பைத் தாண்டின. தமிழ்நாட்டில் எடுத்த 551-இல் 88, மாநிலங்களில் எண்ணிக்கையில் அதுவே அதிகம். தண்ணீர் கலந்த பாலையே பேசிக்கொண்டிருந்த நம் ஊருக்கு அது புதுச் செய்தி.

இதிலும் அதே துறைச் சிக்கல். உணவுச் சட்டத்தில் 'உணவு' என்ற சொல்லுக்குள் கால்நடைத் தீவனம் வராது. பால் ஒரு துறைக்கு, மாடு ஒரு துறைக்கு, கடலை இன்னொரு துறைக்கு. கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2052 இருக்கிறது, பி1 வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். செக்கில் வாங்கும் தனிப் புண்ணாக்குக்குத்தான் கேட்பாரில்லை. கடலையில் இருக்கும் நச்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கும்.

சந்தேகமான புண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 வெகுவாக இறங்கிவிடும். மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள், தரையில் அடுக்காமல் பலகைமேல் சுவரைத் தொடாமல் வையுங்கள். பூசணம் பிடித்ததைக் காயவைத்துத் தட்டிப் போட்டாலும் நச்சு போகாது.

கடலை போடுகிறவர்களும் கேளுங்கள். காயை ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்த வேண்டும். ஆட்டினால் பருப்பு உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். பிறகு நடக்கும் தவறு ஒன்று உண்டு. உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கத் தொலிமேல் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சைக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. சுருங்கிய, பூச்சி துளைத்த, முளை கட்டிய பருப்பைப் பொறுக்கி எறிந்தாலே நச்சில் பெரும்பகுதி போய்விடும்.

கடையில் வாங்கிய பொருளை நானே அரசு ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

முடியும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது, ஒரு நிபந்தனையோடு: வாங்கும்போதே கடைக்காரரிடம் 'இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். கட்டணம் நீங்கள் கட்ட வேண்டும், குறை நிரூபணமானால் திரும்பக் கிடைக்கும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வகங்கள் உள்ளன. உங்களுக்கு ஊரிலேயே இருக்கிறது.

பிரித்த பாக்கெட்டைக் கொண்டுபோனால் சட்டத்தின் முன் அது நிற்காது. வழக்கு வரை போக வேண்டுமென்றால் உணவு பாதுகாப்பு அலுவலரை எடுக்கச் சொல்லுங்கள். அவர் மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிடுவார்: ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு மாவட்ட நியமன அலுவலரிடம், ஒன்று கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. புகாரை 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் அனுப்பலாம். லேபிளின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், பில் நான்கும் படத்தில் தெரியட்டும். 'கலப்படம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எச்சம் சந்தேகம் என்றால் 'பூச்சிமருந்து எச்சம்' என்றே எழுதுங்கள். வழக்கமான சோதனையில் அதைப் பார்ப்பதில்லை.

'இயற்கை விளைபொருள்' என்று பலகை வைத்த கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகி, சென்னை

சான்றிதழைக் கேளுங்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவின் தேசியத் திட்டத்தில் மூன்றாம் தரப்புச் சான்று. தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறையே இதைக் கொடுக்கிறது. இதில் 'ஸ்கோப்' சான்றிதழில் பண்ணையும் பயிரும் இருக்கும், விற்ற ஒவ்வொரு லாட்டுக்கும் தனிப் பரிவர்த்தனைச் சான்றும் இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் சுவரில் மாட்டியிருப்பார்கள், இரண்டாவதைக் கேளுங்கள். இன்னொன்று பி.ஜி.எஸ்., அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகி ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துக்கொள்வது. உள்நாட்டு விற்பனைக்கு மட்டும். 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றால் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நிலம் என்று பொருள். சான்றில்லாமல் நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அவரைத் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம்.

விதைக்கு வாங்கிய கடலையில் பத்துக் கிலோ மிச்சம். சிவப்புச் சாயம் ஒட்டியிருக்கிறது. கழுவி மாட்டுக்கு வைக்கலாமா, எண்ணெய் ஆட்டலாமா?
– விவசாயி, விருத்தாசலம்

இரண்டும் கூடாது. சாயம் போட்டிருப்பதே விதை நேர்த்தி மருந்து ஏறியிருக்கிறது என்று காட்டத்தான். உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாது என்று மூட்டையிலேயே எச்சரிக்கை இருக்கும். கழுவினால் சாயம் போகும், மருந்து பருப்புக்குள் இருக்கும். முளைப்புத்திறன் குறையும் முன் வரப்போரத்திலாவது விதைத்துவிடுங்கள், அல்லது கிணறு வாய்க்காலுக்கு எட்டத்தில் ஆழமாகப் புதையுங்கள். மூட்டையில் தைத்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். சான்று விதைக்கு நீலம், உண்மைநிலை விதைக்குப் பச்சை என்று இருக்கும், மருந்தின் பெயர் அதிலோ மூட்டை மேலோ அச்சிட்டிருக்கும். ஆடோ மாடோ தின்றுவிட்டால் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.